வண்டி கேள்வி: மூக்கு தாழ்ந்த பிக்கப்

கேள்வி: டி-மேக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். வெறும் வண்டியாக நிற்கும்போது முன்பக்கம் 4 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் மதுரைக்குத் தேங்காய் லோடு போகிறது. குறைந்த செலவில் முன்பக்கத்தைத் தூக்க முடியுமா?
- வாசகர், சோழவந்தான்

பதில்: முடியும். ஆனால் முதலில் லோடு ஏற்றி அளந்து பாருங்கள். லோடு வண்டியின் பின்பக்கத்தைக் கம்பெனியே உயர்த்தி வைத்துத்தான் அனுப்புகிறது. ஒரு டன் தேங்காய் ஏறியதும் பின் பட்டைகள் (பட்டை ஸ்பிரிங்) அமுங்கி வண்டி நேராகிவிடும். வெறும் வண்டியைப் பார்த்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால், லோடு ஏறியதும் மூக்கு மேலே போகும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பின் முன்முனையிலும் பின்முனையிலும் தரையிலிருந்து அளந்தால் வண்டியின் சாய்வு தெரியும். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள அளவு இடது வலது வித்தியாசம் பார்க்க மட்டும்தான். முன், பின் ஃபெண்டர்களின் வெட்டு வேறு வேறு என்பதால், அதை வைத்து முன்னையும் பின்னையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் 1 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் காயில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கடைசிச் சுற்று, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள் உடைந்து மறைந்திருக்கலாம். அதற்கு ஸ்பேசர் (உயரம் கூட்ட இடையில் வைக்கும் வளையம்) மருந்தல்ல, இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங்தான்.

லோடோடும் முன்பக்கம் தாழ்ந்தே இருந்தால் ஷாக் அப்சார்பரின் தலைக்கும் சேஸிக்கும் நடுவே உட்காரும் ஸ்பேசர் போடலாம். ஷாக், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) நடுவாக்கில் மாட்டியிருப்பதால், 12 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஃபெண்டரில் ஏறக்குறைய 25 மி.மீ. உயரும். உங்களுக்கு அது போதும். 4 செ.மீ.யையும் ஈடுகட்டப் போனால் மேல்கையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் எப்போதும் எல்லைக்கோட்டிலேயே நிற்கும். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். மரக்கட்டையோ அடுக்கிய வாஷரோ ஆகாது.

கழற்றும்போது சேஸிக்கு ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஷாக்கின் தலையில் சுற்றி இருக்கும் நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பதே அதுதான், கழன்றால் ஆளையே கொன்றுவிடும்.

மாட்டியபின் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். கீழ்க்கை போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பவர் அதைப் போலப் பல மடங்கை டயருக்குக் கொடுப்பார். லோடு ஏற்றிய நிலையில் ஹெட்லைட் ஒளியையும் தாழ்த்தி வையுங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைக்கக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக முறுக்கும் நீளக் கம்பி) வைத்த பழைய பிக்கப். அதன் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயரும் என்கிறார்களே?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: உயரும், செலவு அலைன்மென்ட் மட்டும்தான். போல்ட்டில் பெயின்ட் கோடு போட்டு, வெளியே தெரியும் மரையின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்து, பாரம் இறங்கிய பின் முறுக்குங்கள், இல்லையென்றால் மரை போய்விடும். ஒரு தடவைக்கு இரண்டு சுற்று. இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கியே காட்டும், சிறிது தூரம் ஓட்டிவந்து அளங்கள். மேல்கைக்கும் அதன் ரப்பர் முட்டுக்கும் இடைவெளியே இல்லாமல் போனால் வேகத்தடையைத் தாண்டும்போதெல்லாம் 'டக்' என்று அடிக்கும். அப்போது ஒரு சுற்று திருப்பி இறக்கிவிடுங்கள்.

கேள்வி: என் வண்டிக்கு முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: முன்னால் கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கும். கட்டை அந்த முறுக்கைப் பெரிதாக்கி யு போல்ட்டைத் தளர்த்தும், கட்டையே நழுவிவிடலாம். தளர்ந்த பட்டையை கமான் (பட்டை ஸ்பிரிங்) பட்டறையில் குளிர்நிலையில் அடித்து வளைக்கச் சொல்லுங்கள். காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் பதம் போய் மறுபடி படுத்துவிடும். யு போல்ட்டைப் பழையதே போடாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.