வித்தியாசமான வன்பொருளோடு வந்த கையடக்க கேம்களில், முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் நன்றாக அமைந்தது எது?

என் பதில் 'பொக்தாய் 2: சோலார் பாய் ஜாங்கோ'. 2004இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்காக கொனாமி வெளியிட்டது. இதன் கார்ட்ரிட்ஜில், அதாவது கருவியில் செருகும் கேம் அட்டையில், வெயிலை அளக்கும் சென்சார் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். நீங்கள் வெயிலில் உட்கார்ந்து விளையாடினால் ஆட்டத்துக்குள்ளும் வெயில் அடிக்கும். மேகம் மூடினால் திரையில் இருக்கும் சூரிய அளவுகோலும் அப்போதே இறங்கிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தைக் காட்டி ஏமாற்றலாம் என்று பார்த்தால் அது அசையாது.

இரண்டாம் பாகத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால் முதல் பாகம் எங்கே திணறியது என்று தெரிய வேண்டும். முதல் பொக்தாய் 2003இல் வந்தது. மெட்டல் கியர் கேம்களைத் தந்த ஹிடியோ கோஜிமாதான் தயாரிப்பாளர். ஜாங்கோ என்ற சிறுவன் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிறான். அவனிடம் இருப்பது கன் டெல் சோல் என்ற ஒரே துப்பாக்கி, அதற்குத் தோட்டா சூரிய ஒளி. வெயில் இருந்தால் வெளியே நின்று நிரப்பிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சேமித்து வைத்ததைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்க வேண்டும். அதுவும் தீர்ந்துவிட்டால் சுவரைத் தட்டி எதிரியின் கவனத்தைத் திருப்பிவிட்டு ஒளிந்து ஓட வேண்டியதுதான். மழைக்கால வாரத்தில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் பலரும் பாதியிலேயே மூடி வைத்திருப்பார்கள். யோசனை அபாரம். ஆனால் ஆட்டத்தின் அத்தனை பாரத்தையும் வானிலையின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாம் பாகம் செய்த முதல் காரியம் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டதுதான். கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கன் டெல் சோல் கையை விட்டுப் போய்விடும். பதிலுக்கு வாள், ஈட்டி, சுத்தியல் என்று கைச்சண்டை ஆயுதங்கள். இவற்றை வீச வெயில் தேவையில்லை. ஆனால் சேமித்த சூரிய ஆற்றலை ஆயுதத்தில் ஏற்றிக்கொண்டால் அதே வீச்சுக்குப் பலமடங்கு வலு. நெருப்பு, உறைபனி, நிலம், மேகம் என்று வேறு தன்மைகளையும் அப்படி ஏற்றலாம், எந்த எதிரிக்கு எது ஆகாது என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்தில் வெயிலின் வேலையே மாறிவிட்டது. முன்பு அது இல்லாமல் ஆட்டமே இல்லை. இப்போது இருந்தால் பெரிய லாபம், இல்லாவிட்டாலும் கையில் வாள் இருக்கிறது. இரவில் விளையாடலாம், மழை நாளில் விளையாடலாம், கடினம் கூடும், அவ்வளவுதான். ஒரு விசித்திரமான வன்பொருளை வைத்துக்கொண்டு அடுத்த பாகம் எழுத உட்காரும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய திருத்தம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காக வெயிலை ஒரு ஓரத்தில் ஒதுக்கிவிடவும் இல்லை. ரத்தக்காட்டேரித் தலைவனைச் சண்டையில் தோற்கடித்தால் மட்டும் அவன் சாகமாட்டான். சவப்பெட்டிக்குள் அடைத்து, அவன் இருக்கும் கோட்டையிலிருந்து வெளியே இழுத்து வர வேண்டும். இழுக்கும்போது பெட்டி குலுங்கும், உள்ளே இருப்பவன் சும்மா இருக்கமாட்டான். வந்த வழியெல்லாம் எதிரிகள். வெளியே வந்ததும் பைல் டிரைவர் என்ற கருவிக்கு நடுவே பெட்டியை நிறுத்தி, நிஜச் சூரிய ஒளியை அதன் மேல் பாய்ச்ச வேண்டும். இங்கே வாள் உதவாது. அந்த நேரத்தில் வெளியே வானம் எப்படி இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. இரவு முழுக்கப் போராடிப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, விடியட்டும் என்று கேமை அணைத்து வைக்கும் அனுபவத்தை வேறு எந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. காலையில் கண் விழித்ததும் கை தானாக ஜன்னல் திரைச்சீலையைத் தேடிப் போகும்.

அப்புறம் இருள் வடிவம். கதைப் போக்கில் ஜாங்கோவின் உடம்பிலேயே காட்டேரியின் சக்தி ஏறிவிடுகிறது. பின்னால் அதை அவன் கட்டுக்குள் கொண்டுவந்து, வேண்டும்போது மாறிக்கொள்கிறான். அந்த வடிவத்துக்கு வெயில் ஆகாது. யோசித்துப் பாருங்கள். அதுவரை எந்தச் சென்சாருக்காக வெளிச்சம் தேடி அலைந்தோமோ, அதே சென்சாருக்கு இப்போது நிழல் தேட வேண்டும். புதிதாக ஒரு சில்லுகூடச் சேர்க்காமல் பழைய வன்பொருளிலிருந்து புதிய ஆட்டத்தை எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

கடிகாரமும் உண்டு. முதல் முறை போடும்போதே நேரத்தையும் இருக்கும் இடத்தையும் கேட்டுக்கொள்ளும். அதை வைத்துச் சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும் என்று ஆட்டத்துக்குத் தெரியும். மிச்சமான வெயிலைப் போட்டு வைத்து இரவில் எடுத்துக்கொள்ள ஒரு சூரிய வங்கிகூட இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2001இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸின் திரைக்குச் சொந்த விளக்கு கிடையாது, வெளிச்சம் வெளியிலிருந்துதான் விழ வேண்டும். அறைக்குள் உட்கார்ந்தால் கண் வலிக்கும். வெயிலில் நீட்டினால் படம் பளிச்சென்று தெரியும். பொக்தாய் உங்களை வெளியே வரச் சொல்வதும் இந்தத் திரை வெளியே நன்றாகத் தெரிவதும் அப்படிப் பொருந்திப்போகின்றன. இன்றைய கைபேசியில் இதே யோசனையைச் செய்தால், உச்சி வெயிலில் திரையைப் பார்க்கவே முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதல் பாகத்தில் இருந்த பயம் இதில் குறைவு. தோட்டா தீர்ந்துபோய்ச் சுவரோரம் பதுங்கி நிற்கும்போது வரும் படபடப்பு, கையில் வாள் இருக்கும்போது வருவதில்லை. நிலை உயர்த்துவது, ஆயுதங்களைச் சேர்த்து உருக்கிப் புதியது செய்வது என்று வழக்கமான ஆர்பிஜி (பாத்திரத்தைப் படிப்படியாக வளர்க்கும் கேம் வகை) வேலைகளும் கூடிவிட்டன. பதுங்கிப் போகும் ஆட்டம்தான் வேண்டும் என்பவர்கள் முதல் பாகத்தையே விரும்புவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. முழுதாக விளையாடி முடிக்கத் தக்க ஆட்டம் என்று பார்த்தால் இரண்டாவதுதான் என் தேர்வு.

இந்தக் கேள்விக்கு வாரியோவேர் ட்விஸ்டட் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அதுவும் 2004இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாக ஆட்டம்தான். கார்ட்ரிட்ஜில் சுழற்சியை உணரும் ஜைரோ சென்சார், கருவியையே சுழற்றி விளையாட வேண்டும். மிக நல்ல ஆட்டம், சிரித்துக்கொண்டே விளையாடலாம். ஆனால் அதன் முதல் பாகத்தில் சென்சாரே கிடையாது. முதல் பாகத்தின் வன்பொருள் யோசனை எங்கே இடறியது என்று பார்த்து அடுத்ததில் சரிசெய்த கதை அங்கே இல்லை. எனக்கு அந்தக் கதைதான் முக்கியம்.

தொடர் அதன்பிறகு நெடுநாள் ஓடவில்லை. 2005இல் மூன்றாம் பாகம் சென்சாரோடு ஜப்பானில் மட்டும் வந்தது. ரசிகர்கள் தாங்களே முயன்று அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2006இல் அடுத்த கையடக்கக் கருவியான நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த அடுத்த ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜில் சென்சார் இல்லை, பருவநிலையை ஆட்டமே உருவாக்கிக்கொண்டது.

இன்று விளையாட நினைப்பவர்களுக்கு: எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டரில் (பழைய கருவியின் கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) வெயில் அளவை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். கதை தெரிந்துகொள்ள அது போதும், ஆனால் சவப்பெட்டியோடு விடியலுக்காகக் காத்திருப்பது அதில் கிடைக்காது. முடிந்தால் அசல் கார்ட்ரிட்ஜில் விளையாடுங்கள். கேம் பாய் அட்வான்ஸ், அதன் மடிப்பு வடிவமான எஸ்பி, முதல் டிஎஸ், டிஎஸ் லைட் எல்லாவற்றிலும் ஓடும். பழையதாக வாங்கினால் இரண்டைச் சோதித்துப் பாருங்கள்: வெயிலில் காட்டினால் அளவுகோல் ஏறுகிறதா, அணைத்துப் போட்டாலும் கடிகாரம் ஓடுகிறதா. கடிகாரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்திருக்கும், பற்றவைக்கத் தெரிந்தவர் மாற்றித் தந்துவிடுவார். விளையாடும்போது விரலோ உள்ளங்கையோ கார்ட்ரிட்ஜின் துருத்திய பகுதியை மறைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள், சென்சார் அங்கேதான் இருக்கிறது.