எல்லா மூட்டு வலிக்கும் ஒரே மாத்திரையா? – வாசகர் கேள்வி, நர்ஸக்கா பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி மூட்டு வலிதான். தொண்டியிலேர்ந்து வாலிநோக்கம் வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கீங்க, வயசாயிருச்சு, உப்புக் காத்து, உப்புத் தண்ணி, அதான் வலிக்குது, மெடிக்கல்ல சொல்லி ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன்னு. அந்த "ஒரு மாத்திரை"தான் எனக்கு வயித்தக் கலக்குது. மூட்டு வலின்னு ஒரே வியாதி கிடையாதுங்க, அதுல பல சாதி இருக்கு, ஒண்ணுக்குக் குடுக்குற மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது. நான் டாக்டர் இல்ல, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டானவ, அதனால இங்க சொல்றத வச்சு நீங்களா மாத்திரைய மாத்தாதீங்க, எந்த டாக்டர்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

சிஸ்டர், எனக்கு 57 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து கடல்ல முங்கி பாசி எடுக்கப் போறேன். இப்ப ஒரு வருசமா காலையில எந்திரிச்சா ரெண்டு கையும் மடக்க வரல, சோத்துப் பானைய வடிக்கக்கூட மருமகளத்தான் கூப்பிடணும். பத்து மணிக்கு மேலதான் விரல் இளகுது. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கு. கடல்ல ஊறி ஊறி வந்த வலின்னு சொல்றாங்க. மெடிக்கல் மாத்திரை போட்டா கேக்குது, விட்டா திரும்ப வருது. பாசி எடுக்குறத விட்டா சரியாயிருமா?
– வாசகி, பாம்பன்

தங்கச்சி, உங்க தொழில் எனக்குத் தெரியும். விரல்ல பழைய துணியச் சுத்திக்கிட்டு, கால்ல தகரத் தட்டக் கட்டிக்கிட்டு, மூச்சடக்கி முங்கி பாறையிலேர்ந்து மரிக்கொழுந்து பாசியப் பிய்ச்சு எடுக்குறது சாமானிய வேலை இல்ல, விரலுக்கும் தோளுக்கும் அதுல வலி வரத்தான் செய்யும். ஆனா அந்த வலி வேலை செஞ்ச அன்னைக்கு சாயங்காலம் வரும், ராத்திரி படுத்து எந்திரிச்சா குறையும். உங்களுக்கு நேர்மாறா இருக்கே. படுத்து எந்திரிச்ச பிறகுதான் விறைக்குது, அதுவும் மணிக்கணக்கா, அதுவும் ரெண்டு கையிலயும், சின்னச் சின்ன மூட்டுல வீக்கத்தோட. இத தேய்மானம்னு விடக்கூடாது. தேய்மான வலியில காலையில விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துல விட்டுரும். உங்களது முடக்குவாதமா இருக்குமோன்னு பாக்கணும், ருமட்டாய்டுன்னு டாக்டருங்க சொல்லுவாங்க. நம்ம ஒடம்புல நோய எதுத்து நிக்க வேண்டிய சக்தியே திரும்பி மூட்டு ஜவ்வத் தாக்குற வியாதி அது. ஆம்பளையவிட பொம்பளைக்குத்தான் கூட வருது. உப்புத் தண்ணி இதுக்குக் காரணம் இல்ல, கடலையே பாக்காதவங்களுக்கும் வருது.

அதனால பாசி எடுக்குறத விட்டாலும் இது தானா போகாது. வலி மாத்திரை வலியத்தான் அமுக்கும், உள்ள மூட்டு அரிக்கிறது பாட்டுக்கு அரிக்கும், விரல் ஒரு பக்கமா சாஞ்சு கோணிப் போச்சுன்னா அப்புறம் எந்த மருந்து குடுத்தும் பழைய விரலாக்க முடியாது. சீக்கிரமா போறதுதான் இதுல பாதி வைத்தியம். ராமநாதபுரத்துலயே 2022-லேர்ந்து மெடிக்கல் காலேஜ் இருக்கு, அங்க மருத்துவப் பிரிவுல காட்டி, காலையில எவ்வளவு நேரம் விறைப்பு இருக்குன்னு தெளிவா சொல்லுங்க. ஈஎஸ்ஆர், ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபின்னு ரத்தம் எடுப்பாங்க. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னு வந்துட்டா வியாதி இல்லன்னு சந்தோசமா வந்துராதீங்க, சில பேருக்கு அது நெகட்டிவா இருந்தும் வியாதி இருக்கும்.

ஒண்ணு மட்டும் அடிக்கோடு போட்டு சொல்றேன். இதுக்கு வழக்கமா குடுக்குற மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட். அத வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும், தினமும் போடக்கூடாது. நம்ம ஆளுகளுக்கு மாத்திரைன்னா காலை மதியம் ராத்திரின்னே மனசுல பதிஞ்சு போச்சு, அப்படி தினமும் முழுங்குனா வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு குறைஞ்சு, உசுருக்கே ஆபத்தாயிரும். அதனால உங்களுக்கு அத எழுதுனாங்கன்னா ஒரு கிழமைய முடிவு பண்ணி, காலண்டர்ல வட்டம் போட்டு, மருமககிட்டயும் சொல்லி வச்சிருங்க. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை குடுப்பாங்க, அதையும், சொன்ன தேதியில ரத்த டெஸ்ட்டையும் விட்டுராதீங்க. வியாதி அடங்குன பிறகு முங்கப் போகலாமா வேண்டாமான்னு டாக்டரக் கேட்டுக்கலாம், அடங்குறவரைக்கும் வீங்குன விரலப் போட்டுப் பிய்க்காதீங்க.

அக்கா, எங்க அப்பாவுக்கு 66. போட்டுல தங்கல் தொழிலுக்கு, அதான் நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் புடிக்க, போறவர். திடீர்னு நடுராத்திரி கால் பெருவிரல் செவந்து வீங்கிருது, போர்வை பட்டாக்கூட துடிக்கிறார். அஞ்சாறு நாள்ல தானா போயிருது. பிபி மாத்திரை சாப்பிடுறார். மீன் சாப்பிடக்கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார், மீன்காரன் வீட்ல மீன் இல்லாம எப்படி?
– வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, நீங்க சொல்றது அப்படியே கவுட் மாதிரி இருக்கு. ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடி ஊசி ஊசியா மூட்டுல படிஞ்சிரும். வலி இருக்கும்போது டெஸ்ட் எடுத்தா யூரிக் ஆசிட் நார்மல்னு காட்டவும் வாய்ப்பு இருக்கு, அதனால வலி விட்டு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அடிக்கடி வந்தா யூரிக் ஆசிட்ட 6-க்குக் கீழ வைக்க தினசரி மாத்திரை இருக்கு, அத வலி விட்டதும் நிறுத்துறவங்கதான் திரும்பத் திரும்ப வாங்கிக் கட்டிக்கிறாங்க.

மீன் மொத்தமா வேண்டாம்னு யாரு சொன்னது? சாளை, நெத்திலி இதுல யூரிக் ஆசிட்டக் கூட்டுற சங்கதி அதிகம், நெத்திலிக் கருவாடும் அதே கணக்குதான், பிபிக்கு அந்த உப்பும் ஆகாது. நண்டு இறாலையும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கணும். மத்த மீன ஒரு நேரம் அளவா சாப்பிடட்டும். ஆட்டு ஈரல், குடல் வேண்டாம். அப்புறம் நீங்க எழுதாத ஒண்ணு, நானே கேக்குறேன், கரைக்கு வந்தா பீரு கீரு உண்டா? உண்டுன்னா மீன விட்டுட்டு மொதல்ல அத விடச் சொல்லுங்க. கடல்ல இருக்கும்போது குடிதண்ணிய மிச்சம் புடிக்கிறேன்னு பாதி நாள் தாகத்தோட கெடப்பாங்க, அதுவும் இத இழுத்துட்டு வரும்.

பிபி மாத்திரைச் சீட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. மூத்திரம் போக வைக்கிற வகை மாத்திரை சிலது யூரிக் ஆசிட்டக் கூட்டும், டாக்டர் வேற மாத்திக் குடுப்பாரு, நீங்களா நிறுத்திறாதீங்க. அதே மாத்திரையோட மெடிக்கல்ல வாங்குன வலி மாத்திரையும் சேந்தா கிட்னிக்கு ரெண்டு பக்க அடி, பிபியும் ஏறும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், போட்டு கரையிலதான கெடக்கும், வலை பாக்குற நேரத்துல ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா வருமானமும் போகாது.

எங்க மாமிக்கு 71 வயசு, ரெண்டு முழங்காலும் தேஞ்சிருச்சுன்னு எக்ஸ்ரேயில சொல்லிட்டாங்க. தரையில உட்காந்து தொழுதாத்தான் தொழுத மாதிரி இருக்குன்னு புடிவாதம், எந்திரிக்க ரெண்டு பேரு தூக்கணும். நடந்தா இன்னும் தேஞ்சிரும்னு நடக்குறதையே விட்டுட்டாங்க. வாய்வுன்னு உருளைக்கிழங்க நிறுத்திட்டோம். என்ன செய்யலாம் லாத்தா?
– வாசகி, கீழக்கரை

உருளைக்கிழங்கு பாவம், அத விட்டுருங்கம்மா. வாய்வு வயித்துலதான் ஓடும், முழங்காலுக்குள்ள எறங்காது. மாமிக்கு சுகர் இருந்தா மட்டும் கிழங்க அளவா வச்சுக்கங்க.

நடந்தா தேஞ்சிரும்ங்குறதுதான் பெரிய தப்பு. முழங்காலத் தாங்கிப் புடிக்கிறது தொடைச் சதை. நடக்காம உட்காந்தே இருந்தா அந்தச் சதை வத்திரும், அப்புறம் மொத்த பாரமும் தேஞ்ச எலும்பு மேலதான் எறங்கும், வலி கூடும், வலிக்குதேன்னு இன்னும் உட்காருவாங்க. இப்படித்தான் நிறைய மாமிமார் கட்டிலோட போறாங்க. மாமிய முதுகு சாயுற மாதிரி நல்ல நாற்காலியில உட்கார வச்சு, ஒரு கால மட்டும் நேரா நீட்டித் தூக்கச் சொல்லுங்க, தொடை இறுகுதான்னு நீங்க கைய வச்சுப் பாருங்க, இறுகணும், அப்படியே அஞ்சு எண்ணி பைய எறக்கணும். ஒரு காலுக்குப் பத்து தடவ, காலையிலயும் சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறமும். பாத்திரம் விளக்குற சோப்பு விளம்பரம் ஓடுற நேரத்துல முடிஞ்சிரும். மொத ஒரு வாரம் தொடை வலிக்குதுன்னு சொல்லுவாங்க, அது நல்ல வலி. மறுநாளும் முழங்கால் வீங்கியிருந்தா எண்ணிக்கையக் குறைங்க, நிறுத்திறாதீங்க. அப்புறம் வீட்டுக்குள்ளயே முற்றத்தச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா நடக்கட்டும். கம்பு புடிக்கணும்னா வலி கூட இருக்குற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில புடிக்கணும், நூத்துக்குத் தொண்ணூறு பேரு வலிக்கிற பக்கமே புடிச்சுக்கிட்டுத் தாங்கித் தாங்கி நடக்குறாங்க. உங்க ஊரு வீட்டுப் படி ஒசரமா இருக்கும், ஏறும்போது நல்ல கால மொதல்ல வைக்கணும், எறங்கும்போது வலிக்கிற கால மொதல்ல.

எடை கொறைக்கிறது பத்தி சொன்னா யாருக்கும் புடிக்காது, இருந்தாலும் சொல்றேன், ஒரு கிலோ கொறைஞ்சா நடக்குற ஒவ்வொரு அடியிலயும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் கொறையும். மாமிய பட்டினி போடச் சொல்லல, ராத்திரி இடியாப்பத்துல ரெண்டக் கொறைச்சா போதும், மிச்சமானத பேரன் சாப்பிட்டுக்குவான்.

தொழுகைய நாற்காலியில உட்காந்து தொழலாம், முடியாதவங்களுக்கு மார்க்கமே சலுகை குடுத்திருக்கு. நீங்க சொன்னா மருமக சொல்றான்னு ஆயிரும், அவங்க மதிக்கிற, மார்க்கம் படிச்ச ஆலிமா யாரையாவது சொல்லச் சொல்லுங்க. கழிப்பறைய மேல உட்காருற மாதிரி மாத்துங்க, பக்கத்துச் செவுத்துல ஒரு புடிமானக் கம்பி. எண்ணெய் தடவுறது தப்பில்ல, சுகமா இருக்கும், போட்டு நசுக்கித் தேய்க்க வேண்டாம். வலி ரொம்ப இருக்குற அன்னைக்கு பாராசிட்டமால் எவ்வளவு போடலாம்னு டாக்டரக் கேட்டு வச்சுக்கங்க, முழுங்குற வலி மாத்திரைய விட மேல பூசுற ஜெல்லு வயித்துக்கும் கிட்னிக்கும் பாதுகாப்பு. ஆபரேசன் பண்ணனுமான்னு கேட்டா, எக்ஸ்ரே பாத்து முடிவு பண்றது இல்ல அது, இவ்வளவும் செஞ்சும் ராத்திரி வலியில தூக்கம் போகுது, பாத்ரூம் வரைக்கும்கூட நடக்க முடியலன்னா அப்ப யோசிக்கலாம்.

பொட்டலமா மூட்டுவலிப் பொடி ஒருத்தர் தர்றார், ரெண்டே நாள்ல துள்ளிக் குதிக்கிறேன். மூஞ்சி மட்டும் உப்பியிருக்கு, சுகரும் ஏறியிருக்கு. தொடரலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

அண்ணே, பேரு எழுதாத பொடி ரெண்டு நாள்ல துள்ள வைக்குது, மூஞ்சி உப்புது, சுகர் ஏறுதுன்னா உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கோன்னுதான் எனக்கு சந்தேகம். நாட்டு வைத்தியத்தக் குறை சொல்லல, முறையா படிச்ச சித்த மருத்துவர் என்ன மருந்துன்னு எழுதித் தருவாரு. இத தொடரக்கூடாது, அதே சமயம் பல நாள் சாப்பிட்டிருந்தா டக்குன்னு நிறுத்துறதும் ஆபத்து, தலை சுத்தி பிரஷர் எறங்கி விழுந்துருவீங்க. பொட்டலத்தோட நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, வெக்கப்படாம எத்தன நாளா சாப்பிடுறேன்னு சொல்லுங்க, படிப்படியா கொறைக்க அவருக்குத் தெரியும்.

சுகர் இருக்கு, சீனிய விட்டுட்டு சாயல்குடி கருப்பட்டி போட்டு காப்பி குடிக்கிறேன். சரிதான?
– வாசகர், கமுதி

சரியில்ல. ருசி வேற, ரத்தத்துல போனா அதுவும் சீனிதான்.

கடல்ல எறங்கி நின்னா மூட்டுக்கு நல்லதாமே?
– வாசகி, ராமேஸ்வரம்

இடுப்பளவு தண்ணியில ஒடம்பு பாரம் கொறையும், அதனால நடக்க லேசா இருக்கும், நல்லதுதான். அக்னி தீர்த்தம் பக்கம் அலை இல்லாம கெடக்கே, ஆள் தொணையோட நடங்க. படிக்கட்டுல பாசி வழுக்கும், அதுதான் பயம். கால்ல புண்ணு இருந்தா எறங்கவே கூடாது.

எங்க அய்யாவுக்கு 74, சுகர் ரொம்ப வருசமா. கால்ல கருவேல முள்ளு குத்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் நாங்க பாத்தோம், அவருக்கு வலியே தெரியல. செருப்பு போட மாட்டேங்குறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வண்டிச் செலவு கட்டுபடியாகல.
– வாசகி, பெரியபட்டினம்

இவ்வளவு நேரம் வலிக்குதுன்னவங்களுக்கு பதில் சொன்னேன், எனக்கு அதவிட பயம் வலிக்கலன்னு சொல்ற உங்க அய்யாவ நெனச்சுத்தான். சுகர்ல கால் நரம்பு மரத்துப் போச்சுன்னா முள்ளு, மதிய மணல் சூடு, சுடுதண்ணி எதுவும் உறைக்காது, புண்ணு உள்ளுக்குள்ள ஓடிரும். முள்ளு குத்துன எடம் செவந்தோ, வீங்கியோ, நீர் வடிஞ்சோ, நாத்தம் அடிச்சோ இருந்தா செலவு பாக்காம இன்னைக்கே போகணும், விரலே எடுக்குற நெலமைக்கு வர ரொம்ப நாள் ஆகாது. அப்படி ஒண்ணும் இல்லைன்னாலும் இந்த வாரத்துக்குள்ள ஒரு தடவ காட்டிருங்க, முள்ளு ஒடஞ்சு உள்ள நிக்கிதான்னு பாக்கணும். டெட்டனஸ் ஊசியும் கேளுங்க.

வண்டிச் செலவுக்கு வழி இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்லேர்ந்து நடக்குது, சுகர் பிபி மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து தருவாங்க, முடங்கிக் கெடக்குறவங்களுக்கு பிசியோதெரபிகூட வீட்டுல வந்து செய்வாங்க. உங்க தெருவுக்கு வர்ற நர்ஸ்கிட்டயோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ அய்யா பேர எழுதிக் குடுங்க. செருப்புக்கு, எம்சிஆர் செருப்புன்னு சுகர்காரங்களுக்குன்னே மெத்து மெத்துன்னு வருது, அத கேட்டு வாங்குங்க. வார் வச்சதா பாத்து வாங்கணும், விரலிடுக்குல மாட்டுறது மரத்த கால்லேர்ந்து கழண்டு போனாக்கூட அவருக்குத் தெரியாது. தெனமும் ராத்திரி படுக்கும்போது பேரப்பிள்ளையக் கூப்பிட்டு டார்ச் அடிச்சு தாத்தா உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாக்கச் சொல்லுங்க, பெரியவங்க கண்ணுக்குத் தப்புறது பிள்ளைக கண்ணுல பட்டுரும்.