‘.யாழ்’ வருமோ?

கேள்வி: ‘.கொம்’ போல ‘.யாழ்’ என்று முடியிற இணைய முகவரி எங்கட ஊருக்குக் கிடைக்காதோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: கிடைக்கலாம், தங்கச்சி. எனக்கும் கனகாலமாய் அந்த ஆசை. ஆனால் எடுக்கிறதைவிடக் கொண்டு நடத்துறதுதான் பெரும்பாடு. இணைய முகவரிகளின் முடிவுப் பெயர்களை ஒதுக்குகிற ஐகான் (ICANN) அமைப்பு 2012இல் விண்ணப்பக் கட்டணமாக மட்டும் 185,000 டொலர் கேட்டது. ஊர்ப்பெயரை ஊருக்கென்றே கேட்டால் அரச தரப்பின் சம்மதக் கடிதமும் வேணும். பிறகு, ஆர் பதியலாம், ஒருவரின் கடைப்பெயரை இன்னொருவர் பிடித்துவைத்தால் ஆர் தீர்ப்பது, நிர்வாகம் முறிந்தால் பதிவேடு ஆர் கையில்? எல்லாத்தையும் முதலே எழுதிவைக்க வேணும். ஆனாலும் முடியாத காரியமில்லை: ஸ்பெயின் பக்கத்துக் கட்டலன் மொழிக்காரர் தங்கட மொழிக்கும் பண்பாட்டுக்குமென்றே ‘.கட்’ (.cat) எடுத்து நடத்துகினம்.

எங்களுக்கு 2010இலேயே ‘.இலங்கை’ வந்திட்டுது. கஸ்தூரியார் வீதிக் கடைகளைப் பாருங்கோ: பெயர் தமிழில், கீழே இணைய முகவரி ஆங்கிலத்தில். முதலில் ‘.இலங்கை’யில் பதியச் சொல்லுங்கோ.