முட்டை அட்டை, புளியங்கொட்டை, காலி பாட்டில்

கேள்வி: சேலத்தில் இருக்கிறோம். 6 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள். லீவு விட்டதிலிருந்து செல்போனும் கையுமாகத்தான் இருக்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் குடும்பமாகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

கடையில் விளையாட்டுச் சாமான் வாங்காதீர்கள். வாங்கியது சீக்கிரமே பரணுக்குப் போய்விடும். பிள்ளைகளே உட்கார்ந்து செய்த பொருளை அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். செய்வதிலேயே பாதி லீவு நாள் கழியும், பிய்ந்தால் ஒட்டவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பல்லாங்குழியில் தொடங்குங்கள். மரப்பலகை வேண்டியதில்லை, 30 முட்டை பிடிக்கிற காகித அட்டை ஒன்று போதும். பரோட்டா கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். முட்டை ஒழுகிய கறை இல்லாததாகப் பார்த்து வாங்கி, ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுங்கள்.

அட்டையில் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 5 குழி இருக்கும். நமக்கு வேண்டியது வரிசைக்கு 7 வீதம் இரண்டு வரிசை. நீளவாக்கில் இரண்டு வரிசையை வெட்டினால் 12 குழி ஆயிற்று. மிச்ச அட்டையிலிருந்து அடுத்தடுத்த இரண்டு குழிகளை வெட்டி ஒரு முனையில் ஒட்டினால் 14. அந்த இரண்டை மட்டும் பக்கத்து மேட்டையும் சேர்த்து வெட்டுங்கள். அந்த மேடு பழைய விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் பிடிப்பு இருக்கும். விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டினால் ஆடும்போதே கழன்றுவிடும். அடியில் பார்சல் அட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் நடுவில் வளையாது.

ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு பசையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஒன்றரை மேசைக்கரண்டி ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்து, கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். முக்கால் டம்ளர் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கரைசலை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெண்மை போய்த் தெளிந்துவிடும். பொடியை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிவிடும், உள்ளே மாவு வேகாமல் நிற்கும். அந்தக் கட்டியை அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கரைக்க முடியாது. ஆற ஆற இறுகும் என்பதால், தோசை மாவைவிடத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. ஆறியபின் பூசுவது பிள்ளைகளுடையது. போஸ்டர் ஒட்டும் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் தொடுகிற பசையில் கூடவே கூடாது. துத்தம் இல்லாத பசை சீக்கிரம் புளித்துவிடும், எனவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை வேண்டும். இரண்டு தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். புளி ஒட்டியிருந்தால் எறும்பு வந்துவிடும். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால், ஆடி முடித்ததும் 70 இருக்கிறதா என்று எண்ணி டப்பாவில் போட்டு மூடுவது கட்டாயம். மூக்கில் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஆட்டம் இப்படி: தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்புறமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்தக் குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு முறை மாறும். இரண்டு குழி தொடர்ந்து காலி என்றால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் எந்தக் குழியில் 4 சேர்ந்தாலும் அது பசு, அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். 6 வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே பசுவைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். ஒரு குழியில் இரண்டு விழுந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் சண்டை வரும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே போடச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி வேறு விதமாக ஆடச் சொன்னால், அவர் சொல்வதுதான் விதி.

முதல் சில ஆட்டங்களுக்கு நீங்களும் தரையில் உட்கார வேண்டும், உங்கள் போனும் வேறு அறையில் இருக்க வேண்டும். "ஒரு ஆட்டம் ஆடினால் அரை மணி நேரம் போன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அப்படிச் சொன்னால் ஆட்டம் வேலையாகிவிடும், போன் கூலியாகிவிடும்.

அதே கொட்டையில் நாலை எடுத்து ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான கல்லில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் தாயத்துக்கு ஆகும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் விரல் சுடாது. ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், நாலும் வெள்ளை என்றால் 4, நாலும் கறுப்பு என்றால் 8. கட்டம் 5க்கு 5, தரையில் சாக்பீஸால் போட்டால் போதும்.

வெளியே போக ஒரு நாள் கிடைத்தால், ஏற்காடு பஸ்ஸில் வீட்டிலிருந்தே இரண்டு காலி ஒரு லிட்டர் பாட்டில்களை எடுத்துப் போங்கள். மெல்லிசானதாக, உள்ளே ஈரமில்லாமல் இருக்கட்டும். ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த எண்ணில் காது அடைக்கிறது என்று பெரிய பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். ஏரிக்கரையில் பாட்டிலைத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு, மூடியை இறுக்க மூடுங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி பாட்டில் ஒடுங்கும். இரண்டு பாட்டில் எதற்கென்றால், ஒன்றைப் பிள்ளைகள் வழியிலேயே ஆசைப்பட்டுத் திறந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் மற்றதை வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி, உள்ளேயே மூடியைத் திறந்தால் தண்ணீர் தானாக ஏறும். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூடிவிட்டு எடுத்து, ஏறிய தண்ணீரை இருமல் மருந்து மூடியால் அளக்கச் சொல்லுங்கள். 100 மில்லியை ஒட்டி வர வேண்டும். பாட்டில் ஒடுங்கவே இல்லையென்றால் மூடி தளர்ந்திருக்கும். ஒடுங்கியும் தண்ணீர் குறைவாக ஏறினால் மூடியைத் தண்ணீருக்கு மேலே திறந்திருப்பார்கள்.