பையன் கூட படம் பாத்தா பழைய சூப்பர்மேன் தான் கண்ணுக்குள்ள வர்றாரு!

கேள்வி: நான் காலேஜ் படிக்கிறப்ப, 2013ல, ஹென்றி கேவில் நடிச்ச 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்துச்சு. எனக்கு சூப்பர்மேன்னா அவர்தான். 2025ல வந்த புது 'சூப்பர்மேன்' படத்துக்கு பையன கூட்டிட்டு போனேன், படம் முழுக்க "அவரு மாதிரி வருமா"ன்னு முணுமுணுத்துட்டே இருந்திருக்கேன் போல. வெளிய வந்ததும் "அடுத்த தடவ நான் அம்மா கூடயே போறேன்ப்பா"ன்னுட்டான். பழைய படத்த முதல்ல போட்டுக் காட்டிட்டு கூட்டிட்டு போயிருக்கணுமோ?

பதில்: ஐயோ, வேணாங்க. படத்துக்கு முன்னாடி ஹோம்வொர்க் குடுத்தா அந்த வயசு பையன் உங்க கூட தியேட்டருக்கே வரமாட்டான். ரீபூட்னாலே கதைய முதல்ல இருந்து வேற ஆளுங்க வச்சு சொல்றதுதானே, பழச பாக்கணும்னு அவசியமே இல்ல. 2021ல வந்த ஸ்பைடர்மேன் படம் மாதிரி மூணு ஸ்பைடர்மேனும் ஒண்ணா வந்து நிக்கிறப்ப வேணா பழசு தெரிஞ்சா கூடுதல் குஷி, இதுக்கு அந்த தேவை இல்ல.

உங்க வருத்தம் எனக்கு புரியுது. 2022 அக்டோபர்ல திரும்ப வர்றேன்னு கேவிலே அறிவிச்சு, டிசம்பர்ல இல்லன்னு ஆயிடுச்சு, கடுப்பாகத்தான் செய்யும். ஆனா அந்த கடுப்ப புது சூப்பர்மேனா வந்த டேவிட் கோரன்ஸ்வெட் மேல காட்டுறீங்களே, அவரு பாவம் நடிக்க வந்தவரு.

இன்னொண்ணு, 2013ல உங்க படம் வந்தப்ப 1978ல சூப்பர்மேனா வந்த கிறிஸ்டோபர் ரீவ பாத்து வளந்தவங்க இதே மாதிரிதான் பொலம்புனாங்க, சிவப்பு ஜட்டிய எடுத்துட்டாங்க, ஜான் வில்லியம்ஸ் போட்ட மியூசிக் இல்ல, ஊரே தரைமட்டம் ஆகுது, கடைசில சூப்பர்மேனே வில்லன் ஸாட் கழுத்த முறிச்சு கொல்றாரு, இதெல்லாம் ஒரு சூப்பர்மேனான்னு. இப்ப ஜேம்ஸ் கன் எடுத்த படத்துல அந்த ஜட்டியும் வந்துருச்சு, அந்த பழைய ட்யூனும் புது ரூபத்துல வந்துருச்சு. நீங்க 'மாத்திட்டாங்க'ன்னு கோவப்படுற சில விஷயம் உங்க படத்துக்கும் முன்னாடியே இருந்ததுதாங்க! (ஜட்டி இல்லாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்ங்கிறது என் கட்சி, அது வேற கதை.)

புது படம் எப்படி ஆரம்பிக்குதுன்னு யோசிச்சு பாருங்க. சூப்பர்மேன் பொறந்த கிரகம் கிரிப்டான் வெடிக்கிறதுல இருந்தெல்லாம் இழுக்கல, முதல் தடவையா ஒரு சண்டைல தோத்து பனில வந்து விழுந்து கிடக்குறாரு, விசிலடிச்சு நாய கூப்பிடுறாரு. அந்த நாய் பண்ற அட்டகாசத்துக்கு தியேட்டரே சிரிச்சிருக்கும், பையனும் சிரிச்சிருப்பான், நீங்க அந்த நேரத்துல கேவில் தோள்பட்டைய பத்தி பேசிட்டு இருந்திருப்பீங்க.

அதனால தியேட்டர்ல வாயே திறக்காதீங்க. வெளிய வந்ததும் அவன முதல்ல பேச விடுங்க, எந்த சீன் பிடிச்சதுன்னு கேளுங்க, அவன் முடிச்சப்புறம் நீங்க சொல்லுங்க, அதையும் சுருக்கமா. இப்போதைக்கு ஒரு சாரிய சொல்லிட்டு அந்த நாய பத்தி கேட்டு ஆரம்பிங்க. 'மேன் ஆஃப் ஸ்டீல்' பேச்ச நீங்களா எடுக்காதீங்க, "உன் காலத்துல எப்படிப்பா இருந்துச்சு"ன்னு அவனா ஒருநாள் கேப்பான், அப்ப போட்டுக் காட்டுங்க, போர் அடிக்குதுன்னு எந்திரிச்சு போனா விட்டுருங்க.

அடுத்த படத்த அவனே செலக்ட் பண்ணட்டும். 2025ல வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' வேணும்னு சொன்னா வீட்லயே போட்டு கூட உக்காந்து பாருங்க, ஆனா அதுல போயி 2005ல வந்த ஆளுங்கள தேடாதீங்க சாமி!