மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, பெர்குளோரிக் அமிலம் மட்டும் வேண்டாம்

கேள்வி: மீன் கல்லீரலையும் தசையையும் நைட்ரிக் அமிலத்தில் டைஜஷன் செய்கிறேன், அதாவது சூடாக்கி உடைத்துக் கரைக்கிறேன். காட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசம் பார்க்க வேண்டும். ஹாட் பிளேட்டில் மூன்று மணி நேரம் வைத்தும் கரைசல் மஞ்சளாகவே இருக்கிறது, மேலே கொழுப்பு மிதக்கிறது. பெர்குளோரிக் அமிலம் சேர்க்கலாமா?

முதலில், தயவுசெய்து சேர்க்காதீர்கள். கரையாத கொழுப்பு மிதக்கும் சூடான கரைசலில் அடர் பெர்குளோரிக் அமிலம் சேர்ந்தால் வெடிக்கும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. அதன் ஆவி சாதாரண ஃபியூம் ஹூடின் (புகையை வெளியே இழுக்கும் கூண்டு) குழாய்களில் பெர்குளோரேட்டாகப் படிந்து, பிற்பாடு பழுது பார்க்க வருபவருக்கும் ஆபத்தாகிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவும் வசதியுள்ள தனி ஹூட் இல்லாத லேபில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஐசிபி-எம்எஸ்ஸில் (ஆர்கான் பிளாஸ்மாவில் தனிமங்களை அயனியாக்கி, நிறையை வைத்துப் பிரித்து அளக்கும் கருவி) அளப்பதாக இருந்தால், அமிலத்திலிருந்து வரும் குளோரின் ஆர்கானுடன் சேர்ந்து நிறை 75-இல் வந்து நிற்கும். ஆர்செனிக்கின் இடமும் அதேதான்.

கொழுப்பு ஏன் கரையவில்லை? திறந்த பீக்கரில் அடர் நைட்ரிக் அமிலம் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. புரதம் அந்தச் சூட்டிலேயே உடைந்துவிடும். கொழுப்புக்கு அது போதாது. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறுவதால் அதே அமிலம் 180, 200 டிகிரி வரை போகும். மைக்ரோவேவ் டைஜஷனில் கல்லீரல் அரை மணி நேரத்தில் தெளிவதற்கு இதுதான் காரணம். அந்தக் கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். உலர்ந்த மாதிரி 0.5 கிராமைத் தாண்ட வேண்டாம், கொழுப்பு அதிகமென்றால் 0.25 போதும். அமிலம் ஊற்றியதும் மூடிவிடாமல், நுரை அடங்கும்வரை ஹூடுக்குள் திறந்தே வையுங்கள். முடிந்த பிறகு அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். வீட்டு உபயோக மைக்ரோவேவில் இதை யாரும் முயலக் கூடாது.

உங்களுக்குப் பாதரசமும் வேண்டும் என்பதாலேயே மூடிய பாத்திரம் இன்னும் முக்கியம். திறந்த ஹாட் பிளேட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். கரைசல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது.

ஹாட் பிளேட் மட்டும்தான் இருக்கிறதென்றால், பாதரசத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம். மாதிரியில் அமிலத்தை ஊற்றி, வாட்ச் கிளாஸால் மூடி, ஒரு இரவு சும்மா விடுங்கள். இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். மறுநாள் 95 டிகிரி அளவில் வைத்து, பழுப்புப் புகை அடங்கியதும் ஆறவிட்டு, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அரை அரை மில்லியாகச் சேருங்கள். ஆறுவதற்குள் நான் ஒருமுறை சேர்த்து, நுரை பொங்கி வழிந்து, இரண்டு வாரம் உலர்த்திப் பொடித்த மாதிரி முழுக்க வீணானது. எந்தக் கட்டத்திலும் வற்ற விடாதீர்கள்.

அப்புறம், வெளிர் மஞ்சளுக்காகக் கவலைப்படாதீர்கள். நிறம் எதற்கும் சான்று இல்லை. உங்கள் உழைப்பு சரியா என்று சொல்வது இரண்டுதான்: பிளாங்க், சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் (உலோக அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட மாதிரி). பிளாங்க் என்பது மாதிரி இல்லாமல் அமிலம் மட்டும் உள்ள பாத்திரம்; ஒவ்வொரு தொகுதியிலும் அப்படிக் குறைந்தது இரண்டு பாத்திரங்கள் முழு வேலையையும் கடந்து வர வேண்டும். என் பிளாங்கில் துத்தநாகம் திரும்பத் திரும்ப ஏறியது. அமிலத்தை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், குறையவில்லை. கடைசியில் பவுடர் தடவிய கையுறைதான் காரணம் என்று தெரிந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் தரும். பாத்திரங்கள் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறட்டும்.

ஒப்பீட்டுப் பொருளாக உங்களுக்குப் பொருத்தமானது டோல்ட் என்ற நாய்ச்சுறா ஈரல் பொடி. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் தயாரிக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் அது இல்லாமல் வெளியிடும் எண்ணை நான் ஏற்க மாட்டேன். அதில் காட்மியம் சரியாக வந்து ஆர்செனிக் மட்டும் தவறினால் ஆச்சரியப்படாதீர்கள். மீனின் ஆர்செனிக்கில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். அது எளிதில் உடையாது, ஹைட்ரைடு முறையில் (ஆர்செனிக்கை வாயுவாக மாற்றி அளப்பது) அளந்தால் குறைத்தே காட்டும். ஐசிபி-எம்எஸ்ஸில் பார்த்தால் சிக்கல் நேர்மாறானது: டைஜஷனில் உடையாமல் மிஞ்சிய கார்பன் ஆர்செனிக்கைக் கூட்டிக் காட்டும்.

கணக்கில் ஒரு இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 0.5 கிராம் உலர்ந்த தசையை 50 மில்லியாக்கி, கருவி லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் காட்டினால், அது உலர் எடையில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். தசையில் 80 சதவீதம் தண்ணீர் என்றால், ஈர எடையில் அதுவே 0.08. உணவுக்கான வரம்புகள் பொதுவாக ஈர எடையில் இருப்பவை. அதனால் உலர்த்தும் முன்பே ஒவ்வொரு மாதிரியின் ஈர எடையையும் குறித்து வையுங்கள், பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை.