மாளிகையைத் தேடிப் போனால் ஆலைதான் நிற்கிறது

“வெளிநாட்டில் பழைய தோட்ட முதலாளிகளின் மாளிகை இடிபாடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? நேரம் செலவழித்துப் போகலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபுளோரிடாவில் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது புலோ தோட்டத்துக்குப் போனேன். மாளிகையை நம்பிப் போகாதீர்கள், அடித்தளம்தான் மிச்சம். சுற்றிலும் காடு. கொசுவில் மட்டும் கொருக்குப்பேட்டைக்குக் குறைவில்லை.

1821இல் மேஜர் சார்லஸ் புலோ 4,675 ஏக்கரை வாங்கினார். அதில் 2,200 ஏக்கர் காட்டை அடிமைகள் வெட்டித் திருத்தினார்கள். கரும்பு, பருத்தி, நெல், அவுரி விளைந்தன. இரண்டே ஆண்டில் அவர் இறக்க, எல்லாம் மகன் ஜான் கைக்கு வந்தது. செமினோல் பழங்குடிகளை அரசு விரட்டியதை ஜான் எதிர்த்தார். வந்த படையை நோக்கிப் பீரங்கியாலேயே சுட்டார். அதற்காக அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிமைகளின் குடிசைகள் இருந்த தடமும் அங்கேயே இருக்கிறதே! படை அவரைப் பிடித்து வைத்துத் தோட்டத்தில் முகாமிட்டது. 1836இல் எல்லாரும் ஓடியபின் செமினோல்கள் தோட்டத்தையே கொளுத்திவிட்டார்கள்.

இன்றும் நிற்பது சர்க்கரை ஆலைதான். உயர்ந்த சுவர்களைத் தொட்டால் கை சொரசொரக்கிறது. கொக்கினா என்னும் கல். கடல் கிளிஞ்சல்கள் காலப்போக்கில் இறுகி உருவானது.

திருவொற்றியூர் திரும்பியதும் அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். கொத்தனாராக இருந்தவர். பீரங்கிக் கதை அவர் காதில் ஏறவில்லை. சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கிளிஞ்சல்தானே? நாம் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினோம். இவர்கள் அப்படியே அறுத்து அடுக்கியிருக்கிறார்கள். யாரம்மா கட்டியது?”

“அடிமைகள், அப்பா.”

“கரும்புக்கு நம் ஆட்களையும்தானே கொண்டுபோனார்கள்” என்றார். உண்மைதான். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. அவர்கள் அடிமைகள் அல்லர், ஒப்பந்தக் கூலிகள். அன்று இங்கே துறைமுகம் ஏது? மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பல் ஏற வேண்டும்.

ஆகவே, போங்கள். ஆலைக்கு முதலில் போங்கள், மாளிகையின் அடித்தளத்துக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் போதும். கொசு மருந்தை மறக்காதீர்கள். அடுத்த முறை அந்தக் கல்லில் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னார் அப்பா. பாதுகாக்கப்பட்ட இடம், எடுக்கக் கூடாது என்றேன். “அப்படியா?” என்று கைபேசியை வாங்கி மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.